இன்னும் வராத எலும்புகள்

குழாயடிப் பாசியில் வழுக்கி மகள் விழுந்தாள். ஐந்து வயது. உள்ளங்கையை ஊன்றியதில் மணிக்கட்டு பொசுக்கென்று வீங்கிவிட்டது. உக்குவளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போகும்வரை அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். விரல்கள் இருந்தன, முன்கை இருந்தது. நடுவில் இருட்டு. அதில் நாலைந்து வெள்ளைப் பொட்டுகள் மட்டும். மணிக்கட்டே நொறுங்கிவிட்டது என்று நினைத்தேன். படம் எடுத்த பெண்ணிடம் காட்டிக் கேட்டதற்கு, "இன்னும் வரவில்லை" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனாள். இன்னொரு படம் வருமாக்கும் என்று அங்கேயே நின்றேன்.

"எங்கம்மா போனீங்க? எத்தன தடவ கூப்பிடுறது!" என்றார் டொக்டர்.

"மத்தப் படம் வரல்லன்னாங்க."

அவர் சிரித்துவிட்டார். "படமில்லம்மா, எலும்புதான் வரல்ல. வில்கமுவ பஸ் மாதிரி, ஒண்ணு வந்தா அடுத்தது எப்பன்னு பாத்துட்டே இருக்கணும். இப்ப அங்க குருத்தெலும்பு. படத்துல தெரியாது."

பிறகு முன்கை எலும்பின் நுனிக்கருகே ஒரு கருங்கோட்டைக் காட்டினார். எலும்பு நீளுவது அங்கேதானாம். அடி அதில் பட்டிருந்தால் கை குட்டையாகிவிடலாம்.

"பட்டிருக்கா?"

"முறிவு கொஞ்சம் தள்ளி இருக்கு. ஆனா வளர்ந்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்."

மகளுக்கு மாவுக்கட்டுப் போட்டபடியே என் மணிக்கட்டில், சுண்டுவிரலுக்குக் கீழே, தொட்டுக் காட்டினார். பட்டாணி அளவில் ஓர் எலும்பு. பிள்ளைகளுக்கு அதுதான் கடைசியாக வருமாம். குரங்குக்கும் நாய்க்கும் அதே எலும்பு குதிகால் போல நீண்டிருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு வளர்ச்சிக் கோடும் உண்டு. நம் இனம் அந்தக் கோட்டை எப்போதோ இழந்துவிட்டது.

அடுத்த வாரங்களில் தேடித்தேடி வாசித்தேன். கருவில் எது மேற்கை, எது முன்கை, எது மணிக்கட்டு என்று இடம் பிரித்துக் கொடுக்கும் மரபணுக்களே இந்தச் சின்ன எலும்பின் வளர்ச்சியிலும் கைவைக்கின்றன. எலிக்கும் வௌவாலுக்கும் என் மகளுக்கும் ஒரே குடும்பத்து மரபணுக்கள். அவை வேலை செய்யும் விதம் கொஞ்சம் மாறினால், நீள வேண்டிய எலும்பு பட்டாணியாக நின்றுவிடுகிறது. அவள் படியிறங்கினாலே பின்னால் ஓடுகிற நான், அவளுக்குள் நடக்கும் இந்த வேலையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. அவள் சோற்றுக்கு அடம்பிடித்தபோதும் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சில மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். டொக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"கோடு நல்லா இருக்கு. கை வளருது. இங்க பாருங்க, புதுசா ஒண்ணு."

முன்பு இருட்டாக இருந்த இடத்தில் கடுகளவு வெண்மை.

மகள் எட்டிப் பார்த்தாள். "எனக்குச் சொல்லாமலா வந்துச்சு?"

"எனக்கும் சொல்லல்லம்மா," என்றேன். படத்தை மறுபடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் டொக்டரே அதை வாங்கி உறையில் போட்டுக் கொடுத்தார்.