பென்சிலால் நிரப்பிய ஒன்பது நாள்

என் வலது கண்ணின் கருவிழியில் அரிசிமணி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பார்வைக்குப் பெரிய குறை இல்லை, சாமி புண்ணியத்தில் மிளகுக் கொடியில் பச்சைக்காய் எது பழம் எது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. ஆனால் முகம் கழுவிக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த மாநாட்டு மண்டபம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

சாமை அடிக்கும்போது கண்ணில் தூசு விழுந்தது. தேய்த்துவிட்டேன். நாலாம் நாள் கண் திறக்க முடியவில்லை. எங்கள் மலைக்கு இருபது நாளைக்கு ஒரு தடவை கீழே இருக்கிற மருத்துவக் கல்லூரியிலிருந்து கண் டாக்டர்கள் முகாம் போட வருவார்கள். அதில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகிவிட்டது, ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார். மாட்டையும் குச்சிக்கிழங்குக் காட்டையும் ஊட்டுக்காரி ஒருத்தி தலையில் போட்டுவிட்டு எப்படிப் போவது? முடியாதுங்க என்றேன். அவர் கோபப்படவில்லை. எங்களை மாதிரி வர முடியாதவர்களுக்காகவே அவர்கள் பிரிவில் ஒரு வழி பண்ணியிருந்தார்கள். ஒரு சொட்டு மருந்து பாட்டில், ஒரு அட்டை. அட்டையில் ஒரு வரிசை ஒரு நாளுக்கு. வரிசை முழுக்கச் சின்னச் சின்ன வட்டம். விழித்திருக்கும் வரை மணிக்கு ஒரு சொட்டு, சொட்டு விட்டதும் ஒரு வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும்.

"ஒரு வட்டம்கூட காலியா இருக்கக் கூடாதுங்கய்யா. மருந்தை வெயில் படாம, குழந்தைங்க கைபடாம, குளிர்ச்சியான எடத்துல வெச்சுக்குங்க" என்றார்.

வெயில் படாத, யார் கையும் படாத குளிர்ச்சியான இடம் எங்கள் ஊட்டில் ஒன்றுதான். சாமிப்பொட்டி. குலசாமியின் திருநீறும் மணியும் வைத்திருக்கிற மரப்பெட்டி. கை கால் கழுவாமல் யாரும் தொட மாட்டோம். மருந்தும் சாமி கொடுத்ததுதானே என்று பாட்டிலை அதற்குள் வைத்தேன். மணிக்கு ஒரு தடவை கை கழுவி, கும்பிட்டு, எடுத்து, விட்டு, திரும்ப வைப்பேன். எட்டு நாளில் வலி குறைந்தது. பத்தாம் நாள் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் என் விரல்களை எண்ணினேன். ஐந்தும் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் என் பங்காளி அண்ணன் இறந்துபோனார்.

பங்காளி ஊட்டில் சாவு என்றால் எங்களுக்கும் தீட்டு. கருமாதி முடியும் வரை ஒன்பது நாள் விளக்கேற்றக் கூடாது, சாமிப்பொட்டியைத் தொடவே கூடாது. பாட்டில் உள்ளே. சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு ஈரத் துணியோடு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஊட்டுக்காரி பார்த்துவிட்டு, "ஏனுங்க, கண்ணு ஒருத்தருக்கு. பொட்டி பங்காளிங்க எல்லாத்துக்கும்" என்று மட்டும் சொன்னாள். வேற்று ஆளை விட்டு எடுக்கச் சொல்லலாம் என்றால், அடுத்தவன் குலசாமிப் பெட்டியை எங்கள் மலையில் எவன் தொடுவான்? வேறு பாட்டில் வாங்கக் கீழே போனால் டாக்டரம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டும். ஒன்பது நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தீட்டு கழிந்து பெட்டியைத் திறந்த அன்று அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வரிசை காலி. அந்த அம்மா கையால் தேதி போட்டுக் கொடுத்த அட்டை. மறுநாள் முகாம். ஒரே இருப்பில் உட்கார்ந்து ஒன்பது வரிசையையும் நிரப்பினேன். பென்சிலை இரண்டு தடவை சீவினேன்.

முகாமில் கண்ணைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. புண் பரவியிருந்தது. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் மருந்து கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டு வேறு மருந்து மாற்றினார். அது லேசில் கிடைக்காத மருந்து, விட்டால் கண் எரியும். இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிப் புண் ஆறியது. தழும்பு நின்றது. கண் தப்பியதே என்று கோயிலுக்கு நடந்து போய் சேவல் விட்டு வந்தேன். நான் சொன்ன பொய்யும் அதோடு முடிந்துபோனது என்றுதான் நினைத்தேன்.

இந்த வருஷம் முகாமில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் டாக்டர்களுக்கென்று மாநாடு நடக்கிறது, பல ஊர் டாக்டர்கள் வருவார்கள், எங்கள் பிரிவிலிருந்து இந்த அட்டை வைத்தியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன், நீங்களும் வந்து உட்கார்ந்தால் கண்ணை எல்லாரும் பார்ப்பார்கள் என்றார். கண்ணைக் காப்பாற்றினவர் கூப்பிடும்போது என்ன சொல்ல? சரிங்க என்றேன்.

அவர்கள் பிரிவின் வேன் விடியக்காலை வந்தது. உள்ளே டாக்டரம்மாவும், அவருக்கு மேலே இருக்கிற பெரிய டாக்டரும், இரண்டு படிக்கிற டாக்டர்களும். நாலாவது வளைவோ ஐந்தாவது வளைவோ இறங்கும்போது டாக்டரம்மா பின்னால் திரும்பிச் சந்தோஷமாகச் சொன்னார். "உங்க கேசுதானுங்கய்யா முக்கியம். மொதல்ல குடுத்த மருந்து உங்க மலைப்பக்கத்துப் பூஞ்சைக்குக் கேக்கலன்னு உங்க அட்டைய வெச்சுத்தான் சொல்லப் போறேன்."

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தேன். வளைவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு ஒரு படிக்கிற டாக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். இந்த வளைவு கழியட்டும், அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்தேன். எழுபது வளைவும் அப்படியே கழிந்தது. கீழே வந்த பிறகு ரோடு நேராகப் போனது, எனக்குத்தான் வாய் வரவில்லை.

மண்டபம் பெரிய ஓட்டலுக்குள் இருந்தது. கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள். அதில் என் பேரை இங்கிலீஷில் எழுதியிருந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது. முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். உட்காரும் முன்னால் கண்பாப்பா விரிகிற மருந்தைக் கண்ணில் விட்டார்கள். டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து விளக்கடித்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் மங்கல். கதவு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு எங்கள் சாமியிடம், பெரியண்ணா, என்னை எப்படியாவது வெளியே கொண்டுபோய் விடு என்று வேண்டினேன். கரண்டு போனாலும் போதும் என்றிருந்தது. போகவில்லை.

டாக்டரம்மா மேடையேறினார். இங்கிலீஷில் பேசினார். எதிரே பெரிய திரை. அதில் முதலில் என் கண். வீட்டுச் சுவர் அளவுக்கு என் கண். அடுத்து என் அட்டை.

மங்கலாகத்தான் தெரிந்தது, அந்த மங்கலிலும் எனக்குத் தெரிந்தது. நான் உண்மையாக மருந்து விட்ட நாட்களின் வட்டமெல்லாம் அழுக்கு. ஈரக் கை பட்டு, மருந்து சொட்டி, மஞ்சள் கறை படிந்து, ஒன்று கோணல் ஒன்று பாதி. நடுவில் ஒன்பது வரிசை மட்டும் கோயில் கோலம் மாதிரி சுத்தம். டாக்டரம்மா ஒரு குச்சி விளக்கால் அந்த ஒன்பது வரிசையையே சுற்றிக் காட்டி, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "புண்ணு ரொம்ப மோசமா இருந்த நாள்லதான் ஐயா ரொம்ப கவனமாப் போட்டிருக்காரு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பேச்சு முடிந்ததும் வெளியூர் டாக்டர் ஒருவர், நல்ல வயசானவர், எழுந்து ஏதோ கேட்டார். டாக்டரம்மா முகம் கொஞ்சம் சிவந்தது. கீழே இறங்கி வந்து மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார். "அட்டையில இருக்கறது நெசமான்னு கேக்கறாரு. எங்க ஐயா சாமிக்குப் பயந்தவரு, பொய் சொல்ல மாட்டாருன்னேன். நீங்களே சொல்லிருங்கய்யா. எல்லா நாளும் மருந்து போட்டீங்கதானே?"

அந்த மைக்குக்கும் என் உதட்டுக்கும் நடுவே நாலு விரக்கடைதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் அந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆகும்?

"போட்டனுங்க" என்றேன்.

என் குரல் நாலு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. கை தட்டினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு டாக்டரம்மாவே எனக்குத் தட்டு எடுத்து வந்தார். பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டே, பெரிய டாக்டரும் ஒத்துக்கொண்டார், இனிமேல் மலையிலிருந்து இந்தப் புண்ணோடு யார் வந்தாலும் பழைய மருந்து கொடுக்கப் போவதில்லை, எடுத்ததுமே எரிகிற மருந்துதான், அது வந்து சேரும் வரை காத்திருக்கச் சொல்லிவிடுவோம் என்றார். எங்கள் மலையிலேயே இன்னொரு பகுதியான பெரக்கரை நாட்டில் ஒரு பொம்பளை அதே புண்ணோடு, அதே பழைய மருந்தைத்தான் விட்டுக்கொண்டிருந்தது. போன முகாமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பத்தாம் நாள் எனக்கு ஐந்து விரலும் தெரிந்தது. அந்த மருந்து கேட்கும் என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் நெய்ச்சோறு தின்றுகொண்டிருந்தேன்.

தட்டைக் கீழே வைத்தேன். "சாமி, நான் போடலீங்க."

அவருக்குப் புரியவில்லை. "என்ன போடலீங்கய்யா?"

"மருந்து. ஒம்பது நாளு. சாமிப்பொட்டிக்குள்ள வெச்சிருந்தனுங்க. பங்காளி ஊட்டுல சாவு. தீட்டு. தொட முடியில. அட்டைய பொறவு நெரப்புனனுங்க."

அவரும் தட்டைக் கீழே வைத்தார். பிறகு தேதி கேட்டார், ஒவ்வொன்றாக. சொன்னேன். அதற்கு முன்னால் கண் எப்படி இருந்தது என்று கேட்டார். விரலை எண்ணியதைச் சொன்னேன். கடைசியில்தான், "என்கிட்ட ஏனுங்கய்யா சொல்லல?" என்றார்.

"நீங்க திட்டற ஆளா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனுங்க. நீங்க திட்ட மாட்டீங்களே."

அவர் பெரிய டாக்டரைத் தேடிப் போனார். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு வெள்ளை உருவம் நின்று பேசுவது மங்கலாகத் தெரிந்தது. ஒரு உருவம் கையை உதறியது. இன்னொன்று அசையாமல் நின்றது. அசையாமல் நின்றது யார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து, சாயங்காலம் முடிவதற்கு முன் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னார். "நீங்க உள்ள வரோணும்னு இல்லீங்கய்யா. வேன் தெறந்துதான் இருக்கு. போய்ப் படுத்துக்குங்க."

காலையிலிருந்து சாமியிடம் கேட்ட வெளி வாசல் அப்போதுதான் திறந்தது. போகவில்லை. உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரும்ப அதே அட்டை திரையில் வந்தது. இந்தத் தடவை ஒன்பது வரிசைக்கு மேல் சிவப்பில் கோடு அடித்திருந்தது. அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் கையைக் காட்டவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார். யாரும் கை தட்டவில்லை. வெளியே வரும்போது காலையில் கேள்வி கேட்ட வயசான டாக்டர் என் முன்னால் நின்று, "ஏனுங்க பெரியவரே, என்கிட்ட வர்ற பேசன்ட்ல பொய் சொல்லாத ஒரே ஆள் நீங்கதான். அதும் மத்தியானச் சோத்துக்குப் பொறவு" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு டாக்டரம்மாவிடமும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

வேனில் பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அடிவாரம் தாண்டி முதல் வளைவு திரும்பும்போது டாக்டரம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்து சீட்டுக்கு வந்தார். தீட்டு எதுக்கெல்லாம் உண்டு, எத்தனை நாள், அப்போது எதைத் தொடக் கூடாது என்று கேட்டார். சாவுத் தீட்டு சொன்னேன். பிள்ளை பிறந்த தீட்டு, பெண் வயசுக்கு வந்த தீட்டு, தாயாதிக்கு ஒரு கணக்கு, சம்பந்திக்கு ஒரு கணக்கு. வேன் ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது, விடாமல் எழுதினார். எழுபதாவது வளைவு முடிந்தது, தீட்டு முடியவில்லை.

தீட்டு பார்த்தது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. மருந்தைப் பெட்டிக்குள் வைத்ததும் பென்சிலை எடுத்ததும்தான் தப்பு. இதைக் கோயிலிலும் சொல்லிவிட்டேன்.

பெரக்கரைப் பொம்பளைக்குப் பழைய மருந்தே தொடர்ந்தது. ஆறி வருகிறது என்று கேள்வி. இப்போது முகாமில் மருந்து வாங்குகிற எல்லாரிடமும், ஊட்டில் எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் கொடுக்கிறார்கள். டாக்டரம்மா என்னிடம் முன்னே மாதிரியே பிரியமாகத்தான் பேசுகிறார். காப்பி குடிச்சீங்களா என்கிறார், மாடு கன்னு போட்டதா என்கிறார். கண்ணைப் பற்றி மட்டும் எதைக் கேட்டாலும், கொஞ்சம் பொறுத்து அதையே இன்னொரு தடவை கேட்கிறார். நான் இரண்டு தடவையும் பதில் சொல்கிறேன்.