பாதரம்மாவின் தட்டில் நான் வைத்த அப்பம்

நான் ஒரு பெண்ணின் குருத்துவத்தைத் திருடினேன். அவருக்குத் தெரியாமல், அவர் நின்ற பலிபீடத்திலேயே!

வார்த்தை பெரிதாக இருக்கிறதா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் அங்கிலிக்கன் ஆலயத்துக்கு முதன்முதலாக ஒரு பெண் குருவாக வந்தபோது, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆராதனைக்கு முன் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்து வைப்பது என் பொறுப்பு. திருச்சபை வரலாறு முழுவதும் தெரியும் என்ற மிதப்பு வேறு. குரு ஜெபிக்கும்போது அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்பது எங்கள் விசுவாசம்; ஒரு பெண் ஜெபித்தால் அது வெறும் அப்பமாகவே இருந்துவிடும் என்று நம்பினேன்... ஆம், மனதார நம்பினேன்.

அவரோ வந்த கிழமையே ஸ்கூட்டரில் ஊர் சுற்றத் தொடங்கினார். மீன் வாடிகளுக்குப் போனார், ஆஸ்பத்திரிக்குப் போனார், பாலம் கடந்து கிண்ணியாவுக்கும் போனார். எப்படி அழைப்பதென்று தெரியாமல் விழித்த மீனவர்கள், கடைசியில் 'பாதரம்மா' என்று பெயர் வைத்தார்கள்.

"பாதரம்மா, மழை ரெண்டு நாள் பிந்தி வரட்டும் எண்டு கேளுங்கோ" என்பார் கிண்ணியாவின் முஸ்லிம் மீன் வியாபாரி. அவரை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் பாதரம்மா அழைப்பார்.

"நான் கேக்கிறன் நானா, நீங்க முதல்ல பாரை மீன்ர விலையைக் குறையுங்கோ!"

அந்தச் சிரிப்பை நானும் ரசித்தேன். ரசித்துக்கொண்டே செய்தேன்...

மாதம் ஒருமுறை முதிய ஆண் குரு ஒருவர் ஆராதனை நடத்த வருவார். அன்று வேண்டுமென்றே அப்பங்களை அதிகமாக வைப்பேன். அவர் ஜெபித்து மிஞ்சியவற்றை, நோயாளிகளுக்கென்று சுவர்ப்பெட்டியில் பூட்டுவோம். மற்ற ஞாயிறுகளில் அவற்றையே எடுத்துப் பாதரம்மாவின் தட்டில் வைத்தேன். அவர் கைகளை உயர்த்தி ஜெபித்ததெல்லாம், ஓர் ஆண் ஏற்கெனவே ஜெபித்து முடித்த அப்பத்தின் மேல்!

அதோடு நின்றேனா? அவரிடம் அப்பம் வாங்கத் தயங்கி நின்ற சில குடும்பங்களின் காதில், "பயப்பிடாதேங்கோ, அது பழைய பாதர் ஜெபிச்சது" என்றும் ஓதி வைத்தேன்.

பிறகு என் மனைவி படுக்கையில் விழுந்தாள். பாதரம்மா வந்து அவளுக்குத் தலை வாரிவிடுவார், பேன் பார்ப்பதாகக் கேலி செய்து சிரிக்க வைப்பார். அவளை அடக்கம் செய்த பின் நான் அப்பத்தை மாற்றவில்லை. ஆனால் மாற்றியதையும் நிறுத்தியதையும் எவருக்கும் சொல்லவில்லை. நல்லவனாகிவிட்டதே போதும் என்று இருந்துவிட்டேன்!

அவர் வெளிநாடு போனார். அங்கே ஒரு மறைமாவட்டத்தின் பேராயரானார். செய்தி வந்த அன்று ஊருக்கெல்லாம் கேக் கொடுத்தவன் நான்தான். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை.

கடந்த டிசம்பரில் நத்தார் பண்டிகை விடுமுறைக்கு வந்தவரிடம், ஆராதனை உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். கதிரையில் அமர்ந்து கடைசிவரை கேட்டார்.

"மாஸ்ரர், அப்பத்தை மாத்தினீங்கள். ரசத்தை?"

நான் திகைத்தேன். "அது... ஒவ்வொருமுறையும் புதுசாத்தான் ஊத்தினனான், அம்மா."

"அப்ப பாதிக்குப் பாதி நான்தான்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் ஜெபித்த கிண்ணத்தில் நானும் அல்லவா ஞாயிறுதோறும் குடித்திருக்கிறேன்!

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எனக்குச் செய்ததை நான் விட்டிட்டன். நீங்கள் காதுக்குள்ள சொன்ன சனத்துக்கு ஆர் சொல்லுறது?"

போனேன். சிலர் மறந்தே போயிருந்தார்கள், தேத்தண்ணீர் தந்து அனுப்பினார்கள். உவர்மலையில் இருக்கும் விதவை ரோசம்மா மட்டும் தேத்தண்ணீர் தரவில்லை.

"என்ர மனுசன் கடைசியாக் கிடக்கேக்க பாதரம்மா ஆஸ்பத்திரிக்கு அப்பம் கொண்டு வந்தவ. நீங்கள் அப்ப கொழும்பில, உங்கட மகளிட்ட; கேக்க ஏலாது. அது ஆர் ஜெபிச்சது எண்டு எனக்குத் தெரியாது, வேண்டாம் எண்டு அனுப்பிப்போட்டன்." தன் கைகளையே பார்த்தபடி சொன்னார். "அவர் கையை நீட்டினவர், மாஸ்ரர். நான்தான் பிடிச்சு மடக்கினனான்."

நான் அப்பத்தை மாற்றுவதை நிறுத்தி வெகுகாலம் சென்றபின் நடந்தது அது! காதில் ஓதியது பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...

"ரோசம்மா, என்னை மன்னிக்க..."

"என்னட்டக் கேளாதேங்கோ. அது என்ர மனுசன் தரவேண்டியது."

அடுத்த ஞாயிறு, பேராயரான பாதரம்மா எங்கள் பலிபீடத்தில் ஆராதனை நடத்தினார். முதலில் நான் எழுந்து சபை முழுவதற்கும் செய்ததைச் சொன்னேன். பின் அப்பம் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் போன ரோசம்மா, பலிபீடத்தின் முன் முழங்காலிட்டார். தன் அப்பத்தை உண்டார். மறுபடியும் கையை நீட்டினார்.

"இது அவருக்கு."

இறந்தவருக்காக அப்பம் கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. பேராயர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார், இன்னோர் அப்பத்தை வைத்தார்.

அடுத்து என் முறை. வாங்கினேன், உண்டேன். அந்தக் கையிலிருந்து முழு மனதோடு வாங்கிய அப்பம் இனித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இனித்தது. இப்போது நன்றாக உறங்குகிறேன், நன்றாக உண்கிறேன்.

ரோசம்மா இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. கதைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.