பக்கத்து அறையிலிருந்து வரும் போன்

செய்தி வந்தபோது மாலை நாலு இருபது. வில்லியனூரில் பதினாலு வருடமாக ஆங்கிலம் கற்றுத்தரும் சவரிநாதனின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பக்கத்து அறையிலிருந்து, வகுப்பில் இருக்கும் இன்னொருவருக்குப் போன் போட்டு ஆங்கிலம் பேசுவார். கேட்டவர், அவர் என்ன சொன்னார் என்று வகுப்புக்கு ஆங்கிலத்திலேயே சொல்ல வேண்டும்.

அன்று கேட்டுச் சொல்வது ஜெசிந்தாவின் முறை; பேசுவதற்குப் பக்கத்து அறைக்குப் போயிருந்தவள் ஜெயசித்ரா. போன் அடித்தது. கேட்டுவிட்டு எழுந்தாள். குவைத்தில் வேலை பார்க்கும் தன் அண்ணன் இறந்துவிட்டதாகக் கம்பெனி மேனேஜர் சொன்னார் என்று, காலமானார் என்பதற்கு அந்த வாரம் படித்த ‘பாஸ்ட் அவே’யைப் போட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்.

“இன்னாடி, ஆளையே முடிச்சிட்ட?” பின்வரிசை சிரித்தது.

“தப்பே இல்லம்மா,” என்றார் சவரிநாதன்.

“நெசமாத்தான் சார். வூட்ல அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். எப்டி சார் சொல்றது?”

பக்கத்து அறையில் ஜெயசித்ரா, லைன் கிடைக்காமல், பயிற்சிக்காகப் பேச வேண்டியதை இன்னும் பேசியிருக்கவில்லை.