கட்டிலுக்கு அடியில் டயர்கள்

கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை வைக்க இடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான் துஷாந்த். அவன் மனைவி ஜீவராணி விட்டுக்கொடுக்கவே இல்லை. அங்கே அவளுடைய காரின் மேலதிக டயர்கள் இரண்டு, ரிம்மோடு படுத்திருந்தன.

பெரகலச் சந்திக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லய வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். இப்போது பண்டாரவளையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ‘மார்ச்’ ரகத்துப் பழைய சின்னக் கார் ஒன்றுதான் பிழைப்பு. இறக்குமதி நின்று, கடைகளில் டயரே கிடைக்காமல் போன காலத்தில் காரை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடந்தாள். அதன் பிறகு அலைந்து திரிந்து வாங்கிய டயர்கள் இவை.

சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து, கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிப் பலகை மேல் வைத்திருந்தாள். வெயில் படாது, அடுப்புச் சூடும் எட்டாது. மண்ணெண்ணெய் அந்த அறை வாசலைத் தாண்டக் கூடாது. மோட்டார் ஓடும் இடத்தில் ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும் என்று யாரோ சொல்ல, பிரிட்ஜைக்கூட வெளி அறைக்குத் தள்ளிவிட்டாள்.

“புள்ளத்தாச்சியக்கூட யாரும் இப்பிடிப் பாக்க மாட்டாங்க ஜீவா!” என்பான் துஷாந்த்.

போன வருடம் ஓர் இளைஞர் கழகம் பெண்களுக்கென்று மலையேற்றக் கார் ஓட்டம் வைத்தது. தோட்டப் பாதையில் ஒவ்வொரு காராக உச்சிக்கு ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறுபவருக்குக் கோப்பை. ஜீவராணி பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள்.

அன்று காலையிலிருந்தே தூறல். வழுக்கும் வளைவுகளில் அவள் காரை ஒடித்துத் திருப்பி ஏறிய ஏற்றத்தில் கூட்டம் விசிலடித்தது. இறங்கி வந்தபோது அவள்தான் முதலிடம்! இன்னும் ஒரேயொரு கார் மட்டும் பாக்கி. பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஷாகிராவின் கார், அதுவும் மார்ச்தான்.

ஷாகிரா தொடக்கக் கோட்டுக்குப் போக வரிசையை விட்டு வெளியே வந்தாளோ இல்லையோ, ‘படார்’ என்று ஒரு சத்தம். முன் டயர் பக்கவாட்டில் கிழிந்து தொங்கியது. ஓடிப்போய் டிக்கியைத் திறந்தாள். முற்றத்து வெயிலில் பல காலம் கிடந்த அவளுடைய மாற்று டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“இதப் போட்டு எப்பிடி ஏறுறது? என் கதை முடிஞ்சிது,” என்று அவள் டிக்கியை ஓங்கிச் சாத்தினாள்.

ஜீவராணி தன் கார்ப் பக்கம் திரும்பினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்த டயர் ஒன்று பின்னால் இருந்தது. துஷாந்துக்கு அவள் நினைப்பு புரிந்துவிட்டது.

“ஜீவா, வேணாம்! அவ ஏறலன்னா கப்பு நமக்குத்தான்!”

“ஏறாதவள ஜெயிச்சு என்னாங்க செய்ய? ஜாக்கிய எடுங்க!”

நடுவர்கள் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். துஷாந்த் முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியில் காரைத் தூக்கினான். ஷாகிரா நட்டுகளைக் கழற்ற, ஜீவராணி பொலித்தீனைக் கிழித்தாள். உள்ளே நேற்றுக் கடையில் வாங்கியது போல மினுமினுத்தது டயர். காற்றடித்து மாட்டினார்கள்.

ஷாகிரா கிளம்பினாள். பனிமூட்டத்துக்குள் கார் மறைந்து, எஞ்சின் சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு மேலே போனது. “புடிச்சிருச்சு! வழுக்கலங்க, புடிச்சிருச்சு!” என்று ஜீவராணி குதித்தாள். துஷாந்தின் கையில் அவள் நகம் பதிந்தது.

ஒலிபெருக்கி முழங்கியது. மயிரிழையில் ஷாகிரா முதலாவது!

ஒரு கணம் ஜீவராணிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அடுத்த கணமே, “நம்ம டயருங்க! நம்ம டயருதான் ஜெயிச்சிச்சு!” என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துஷாந்துக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கீழே வந்து கோப்பையை வாங்கிய ஷாகிரா அதை அப்படியே ஜீவராணியின் கையில் திணித்தாள்.

“புடிங்க அக்கா! அடுத்த மாசம் வெலிமடையில சோடி ஓட்டம் வைக்கிறாங்களாம். நீங்களும் நானும் ஒரே கார்ல. என்ன சொல்றீங்க?”

“யாரு ஓட்டுறது?”

“ஏறக்குள்ள நீங்க, எறங்கக்குள்ள நான்!”

ஜீவராணி அப்போதே ஷாகிராவின் காரில் ஏறி உட்கார்ந்து, எந்த வளைவில் எந்த கியர் என்று சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டாள்.