துப்பாக்கி வரும் பின்னே, பூட்டு வரும் முன்னே

எங்கள் கல்லியில் தண்ணீர் மதியம்தான் வரும். மும்பை தாராவியில் ஒவ்வொரு கல்லிக்கும், அதாவது சந்துக்கும், ஒரு நேரம். எங்களுக்கு வாய்த்தது வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம். அப்பா நகைப் பட்டறையில் இருப்பார், அம்மா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில், நான் சட்டக் கல்லூரியில். அதனால் எங்கள் வீட்டுச் சாவி எதிர்வீட்டு அத்தையின் வாசல் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். எங்களுடையது மட்டுமல்ல, பக்கத்து வீடுகளின் சாவிகளும் அங்கேதான். அத்தை சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பவள். பகல் முழுக்க வீட்டில் இருப்பாள். குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, ஒவ்வொரு வீடாகத் திறந்து டிரம்களை நிரப்பிப் பூட்டுவாள். பதிலுக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. கொடுத்தால் கோபம் வரும்.

உறவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அவளும் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவை அண்ணாச்சி என்பாள், அம்மாவை மைனி என்பாள். ஆகவே எனக்கு அத்தை.

அந்த வருடம் கல்லூரி விவாதப் போட்டியில் எனக்கு வந்த தலைப்பு, குடிமக்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டுமா என்பது. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ‘வேண்டும்’ விழுந்தது. நான் ஒன்றை எடுத்தால் பாதியில் விடுகிற ஆள் இல்லை. சட்டத்தையும் விதிகளையும் படித்தது போதாமல், எதிர்ப்பட்டவர்களை எல்லாம் பிடித்து அபிப்பிராயம் கேட்க ஆரம்பித்தேன்.

மாட்டுங்காவில் என் தோழியின் அப்பா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுக் குடும்பம். காப்பி டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார். “சட்டம் ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கணும்மா. கண்டவா கையில போயிடப்படாது.”

“நீங்க கேட்டா அங்கிள்?”

“என்னை மாதிரி இருக்கறவாளுக்குக் குடுத்தா என்ன தப்பு? நான் யாரை சுடப்போறேன்?”

கல்லி முனையில் டீ போடுகிற பீகார்க்காரரும் இந்தியில் ஏறக்குறைய இதையே சொன்னார். தனக்கு ஒன்று இருந்தால் நல்லதாம், ஆனால் எதிரே பான் விற்கிறவனுக்கு இருக்கவே கூடாதாம். பான் கடைக்காரர் டீக்கடைக்காரரைப் பற்றி அதையே சொன்னார். செம்பூரில் மாமா வீட்டுக்குப் போனபோது அங்கேயும் அதே பாட்டு. நம் நாட்டில் துப்பாக்கி உரிமை இல்லை, அனுமதி மட்டும்தான் என்று நான் சட்டம் பேசினேன், யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் கடுமையான சட்டம் பிடித்திருந்தது, அவரவரை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அத்தையின் மகனையும் கேட்டேன். பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பதில் சொன்னான்.

“துப்பாக்கி வேணும்னு கேக்கவனுக்கு மட்டும் குடுக்கக் கூடாதுட்டீ. வேண்டாம்ங்கவனுக்குக் குடுக்கணும்.”

சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

போட்டியில் ஜெயித்த அந்த வாரமே சயான் பாலத்துக்குக் கீழே, அப்பாவைப் போலவே பட்டறை வைத்திருந்த ஒருவரின் பையைப் பைக்கில் வந்த இருவர் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கடைக்குக் கொடுக்க வேண்டிய தாலிக்கொடிகள் அதில் இருந்தன. கீழே விழுந்ததில் அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அப்பா சாப்பிடவில்லை. அவரும் அதே பாலத்துக்குக் கீழேதான் நகையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாட்டுங்கா கடைகளுக்கு நடந்து போகிறவர்.

“அவன் இன்னைக்கு அந்த வழியா வருவாம்னு அவனுவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார். “சொல்லாம தெரியாது. பழகுனவன் எவனோ சொல்லியிருக்கான்.”

கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேசுவது போல, “எதிர்வீட்டுப் பய புது பைக் எடுத்திருக்கானாமே” என்றார்.

“லோன்ல எடுத்திருக்கான்” என்றாள் அம்மா.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“நீங்க சொல்லாததுதாங் கேக்குதே.”

மறுநாள் அப்பா துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போட வேண்டும் என்றார். நான்தான் செல்போனிலேயே எல்லாம் நிரப்பினேன். மேடையில் பேசியது வீட்டிலேயே நடக்கப் போகிறது என்ற உற்சாகம் எனக்கு. துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன், வேறு யார் கைக்கும் போக விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியை உரக்கப் படித்துக் காட்டினேன்.

அப்பா நிமிர்ந்தார். “வேற யாரு கைக்குமா?”

“ஆமா.”

“அப்ப வீட்டுச் சாவி ஊரான் ஆணியில தொங்குனா?”

துப்பாக்கி இன்னும் வரவில்லை, வருமா என்பதும் தெரியாது. ஆனாலும் அன்று சாயங்காலமே அப்பா எதிர்வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே கதவில் இரண்டாவதாக ஒரு பூட்டும் போட்டார், நல்ல கனமான பித்தளைப் பூட்டு. எதிர்வாசலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த அத்தை, பூட்டு மாட்டி முடிகிற வரை பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, வீட்டுல புதையலு கிதையலு கெடச்சிருக்கா?”

“சும்மாதாம்மா. காலம் சரியில்ல.”

“காலம் சரியில்லையா, ஆளு சரியில்லையா?”

அப்பா பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் கல்லியில் பதில் சொல்லாமல் போனால் அதுவே பதில்.

அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் சாவியை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு மாமியார் ஊரிலிருந்து வருகிறாராம். இன்னொருத்தர் சாவி செய்யக் கொடுக்க வேண்டும் என்றாராம். அண்ணாச்சிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, தெரியாமலா வாங்கினார் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. மனுப் போட்ட செய்தியும் எப்படியோ கசிந்திருந்தது. அதே குழாயடியில், அண்ணாச்சி வீட்டில் தங்கம் கிலோக் கணக்கில் இருக்கிறது, இல்லாவிட்டால் துப்பாக்கி எதற்கு என்றும் பேச்சு. துப்பாக்கி கேட்டதால் எங்கள் வீடு ஒரே வாரத்தில் திருடத் தகுந்த வீடாகிவிட்டது. இது என் விவாதக் குறிப்புகளில் எந்தப் பக்கத்திலும் இல்லாத வாதம்.

டிரம் காலியாகக் கிடந்தது. மதியம் வந்த தண்ணீர் அப்படியே போயிற்று. அம்மா வேலைவிட்டு வந்த களைப்போடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கல்லிக்குப் போய் இரந்து பிடித்து வந்தாள். ஒருநாள் குடத்தை அப்பா முன்னால் வைத்தாள்.

“ஒங்க துப்பாக்கி தண்ணி புடிக்குமா?”

பிறகு விசாரணை வந்தது. லைசென்சு கேட்பவர் எப்படிப்பட்டவர், கோபக்காரரா, சண்டை சச்சரவு உண்டா என்று போலீஸ் ஹவல்தார் வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார். இந்த விதியையும் நான்தான் அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே யோசனை, எதிர்வீட்டில் கேட்பார்களா என்று.

காரணம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்ட தகராறில், அப்பா கையில் இருந்த பட்டறைக் குறடு ஒன்றை ஒருவன் மேல் வீசியிருக்கிறார். அது அவன்மேல் படாமல் அத்தை வீட்டு வாசல் சுவரில் பட்டுச் சிமெண்டைப் பெயர்த்தது. அந்தப் பள்ளம் இப்போதும் இருக்கிறது, சாவி ஆணிகளுக்குச் சற்றுக் கீழே. அந்த மனிதன் தாராவியை விட்டே போய்விட்டான். பார்த்த சாட்சி அத்தை மட்டும்தான்.

ஹவல்தார் வந்த அன்று எனக்குக் கல்லூரி இல்லை. எங்கள் வீட்டில் கேட்டு முடித்துவிட்டு நேராக எதிர்வீட்டுக்குத்தான் போனார். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். அத்தை எழுந்தாள். முக்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டாள். பிறகு நடந்துபோய்ச் சுவரில் அந்தப் பள்ளம் இருக்கிற இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அவர் கேட்டு முடிக்கிற வரை அங்கிருந்து அசையவில்லை.

இந்தியில்தான் பேசினார்கள். அவர், எதிர்வீட்டு மனிதர் கோபப்படுவாரா என்று கேட்டார். ரொம்பச் சாது, சத்தமாகப் பேசக்கூடத் தெரியாது என்றாள் அத்தை. ஏதாவது சண்டை? இல்லை. குடிப்பாரா? தீபாவளிக்குக்கூடக் கிடையாது. கேட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். காலியான ஆணிகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டதற்கு, முன்னால் சாமான் தொங்கப் போட்டிருந்தோம் என்றாள்.

அவர் போனபின் என் பக்கம் திரும்பினாள். “என்ன மருமவளே, போட்டுக் குடுத்துருவேன்னு காவலு நின்னியோ?”

“இல்லத்தை.”

“ஒங்க அப்பாட்ட சொல்லு. குறடு வீசுனவரு சாதுன்னு சொல்லிட்டேன். துப்பாக்கி வந்தபெறகு என்ன சொல்லணும்னு அவரையே எழுதித் தரச்சொல்லு.”

சாயங்காலம் ஓடிப்போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் நெகிழ்வார் என்று. அவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார்.

“இவ்வளவு நல்லா ஏன் சொல்லுதா?”

“நல்லவங்க, அதான்.”

“சாவிய வாங்குனதுக்கு அவ மனசுல வயித்தெரிச்சல் இருக்கும்லா. அதுக்கப்புறமும் நல்லா சொல்லுதான்னா என்னமோ இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டதாகச் சொல்லியிருந்தாலும் சந்தேகம், நல்லதாகச் சொன்னாலும் சந்தேகம் என்றால் அந்தப் பெண் வேறு என்னதான் சொல்ல முடியும். ஆனால் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்: அன்று இரவு சாப்பிடும்போது, அவள் மகன் பைக்குக்கு லோன் எங்கே வாங்கினான் என்று நானும் யோசித்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. துப்பாக்கி தேவைப்படும் அளவுக்கு உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் லைசென்சு இல்லை. அப்பாவின் பேரில் குற்றம் குறை ஒன்றும் அதில் கிடையாது. அப்பா திரும்பத் திரும்ப என்னைப் படிக்கச் சொன்னார். எதிர்வீட்டில் சொன்னது எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை என்றேன். மேல்முறையீடு செய்யலாம், வழி இருக்கிறது என்று நான் ஆரம்பிக்கும்போதே அம்மா குறுக்கே வந்தாள்.

“வழக்கு அப்புறம் போடலாம். மொதல்ல சாவியக் கொண்டுபோய்க் குடுங்க.”

அதற்குள் பாலத்துக்குக் கீழே பையைப் பிடுங்கியவர்கள் பிடிபட்டதாகவும் கேள்விப்பட்டோம். எங்கள் பக்கத்து ஆட்களே இல்லையாம். மறுநாள் காலை பட்டறைக்குப் போகும்போது அப்பாவே எதிர்வாசலுக்குப் போய்ச் சாவியைப் பழைய ஆணியில் மாட்டினார்.

“பழையபடி பாத்துக்கிடும்மா.”

“சரி அண்ணாச்சி” என்றாள் அத்தை. முகத்தைப் பார்க்கவில்லை, நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அன்று நாங்கள் திரும்பி வந்தபோது டிரம் காய்ந்து கிடந்தது. அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

“மைனி, நான் போனேன்” என்றாள் அத்தை. “தண்ணி வந்ததும் போனேன். கதவுல பூட்டு ரெண்டு, ஆணியில சாவி ஒண்ணு. அண்ணாச்சி நான் என்ன செய்யுதேன்னு பாக்கதுக்குத்தான் மாட்டியிருக்காவன்னு திரும்பிட்டேன்.”

அப்பாவைக் கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றார். பித்தளைப் பூட்டின் உபரிச் சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது. காலையில் இரண்டு பூட்டையும் பூட்டியது அவர்தான். மறந்தாரா, மறக்கவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ.

அம்மா அவர் இடுப்பிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போய் முதல் சாவிக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். அத்தை ஊசியைத் துணியில் குத்தினாள்.

“ரெண்டும் கெடக்கட்டும் மைனி. தண்ணி புடிச்சுத் தாரேன், அதுல கொறை வைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. இனிமே ஆளில்லாத வீட்டுக்குள்ள நான் வரமாட்டேன். ஒங்கள்ல ஒரு ஆளு இருங்க.”

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அத்தை சிரித்த முகம் மாறாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது மதிய வகுப்பை விட்டுவிட்டு நான்தான் வீட்டுக்கு வருகிறேன். குழாய் சீறியதும் அத்தை எழுந்து, ஆணியிலிருந்து இரண்டு சாவிகளையும் எடுத்துத் தானே திறப்பாள். நான் வாசற்படியில் புத்தகத்தோடு உட்காருவேன். ஆளே இருக்கும்போது நீங்கள் எதற்குத் திறக்க வேண்டும், நானே பிடித்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். “அது என் வேல, நீ ஒன் வேலயப் பாரு” என்றுவிட்டாள். என் வேலை என்ன என்பதும் அவள் வைத்ததுதான். டிரம் நிரம்பி வழிந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வீட்டுப் பணம் இருக்கிற அலமாரிப் பக்கம் கையைக் காட்டி நிற்பாள்.

“பாத்துக்கிட்டியா?”

நான் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டின பிறகுதான் கதவைப் பூட்டுவாள்.