ஸோரின் என்றால் சூரியன்

பெங்களூர் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது வசம்பு வாசனை வந்தது. எனக்கு வசம்பு என்றால் என் அண்ணன் மகனின் கைதான். பிறந்த குழந்தைக்கு வசம்பைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவார்களே, அந்தக் கை. கூடவே ஒரு குற்ற உணர்ச்சியும் வந்து நிற்கும். இத்தனை வருடமாகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அப்போது நான் வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ருமேனியாவில் எங்களுக்கு ஒரு கிளை. தினமும் போனில் பேசுகிறவர் பெயர் ஸோரின். முகம் பார்த்ததில்லை. குரலை வைத்தே ஆள் உயரம் என்று முடிவு செய்திருந்தேன். அந்த வயதில் என் முடிவுகளெல்லாம் அப்படித்தான். ஒருநாள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நம் ஊரில் சாதாரணக் கேள்விதானே. அவர் தடுமாறி, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் சொன்னார்: அவர்கள் மொழியில் சூரியனை ‘ஸ்வாரே’ என்பார்களாம், அதிலிருந்து வந்ததாம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. அசுவினி நட்சத்திரம். சு, சே, சோ, லா என்று ஜோசியர் எழுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்வது அத்தையின் உரிமை. இருக்கும் ஒரே அத்தை நான். சும்மா இருப்பேனா? எழுத்தும் பொருந்துகிறது, யாரும் வைக்காத பெயர் வேறு; ஸோரின் என்றே வைப்போம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒக்கலிபுரத்தில் அண்ணியின் தாய்வீடு. ரயில் போனால் தொட்டில் கம்பி அதிரும். அண்ணியின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். அண்ணி நிறைமாதமாக இருந்தபோது, பேரனைப் பார்க்காமலே போய்விட்டார். அவர் பெயர் சூரியமூர்த்தி.

பெயர் வைக்கும் நாள் காலையில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அப்பா பேரையே வெக்கலாமான்னு பாத்தேன். எழுத்தும் சரியா வருது.”

“ஸோரின்னாலும் சூரியன்தான் அண்ணி. அர்த்தம் ஒண்ணுதானே?”

“அர்த்தத்தயா நான் கூப்பிடப் போறேன்?” என்றார். பிறகு அவரே, “சரி விடு. நீதான அத்தை” என்றார்.

நானும் விட்டுவிட்டேன். குழந்தையின் காதில் மூன்று முறை ஸோரின் என்றேன். பெயர் ஸ்டைலாக இருக்கிறது என்று எல்லாரும் மெச்சினார்கள். கால் தரையில் பாவவில்லை எனக்கு.

ஸோரினிடமும் சொன்னேன். மனிதர் நெகிழ்ந்துபோனார். அப்புறம்தான் சொன்னார், அது அவருடைய அம்மாவின் அப்பா பெயராம். அதற்காகத்தான் அவருக்கு வைத்தார்களாம். அர்த்தமெல்லாம் நான் கேட்ட பிறகு தேடிப் பார்த்ததாம். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேரன் என்றாலே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ருமேனியாவில் ஒரு வீட்டாருக்குத் தோன்றியது தமிழச்சியான எனக்குத் தோன்றவில்லை.

அண்ணி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மகனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. தம்பி, சாமி, ராஜா, வாயில் வந்த எதுவோ. சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒக்கலிபுரம் வீட்டை விற்றாயிற்று. அண்ணியின் அம்மாவும் இல்லை. ருமேனியக் கிளையை எப்போதோ மூடிவிட்டார்கள். போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பையனிடம் பேச்சுவாக்கில், “உங்க தாத்தா பேரு என்னடா?” என்றேன். என் அப்பா பெயரைச் சொன்னான்.

“அம்மாவோட அப்பா?”

“தெரியல அத்தை. அம்மா எங்கப்பான்னுதான் சொல்வாங்க.”

“சூரியமூர்த்தி” என்றேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி குழாயை மூடுவது கேட்டது. அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல நான்தான் வரவேண்டியிருந்தது.