கால் தரையில் படாத தம்பியைப் பார்க்கப் போனேன்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று இருபது ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரர் விராலிமலை தாண்டும்வரை என் தோளில் தூங்கினார். திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டைக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போவார்கள். நான் போனது என் தம்பி சுந்தரத்தின் காலைப் பார்க்க.

சுந்தரம் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறான். ஐம்பது வயது. ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. வியாழக்கிழமை அவன் மனைவி செல்வி போன் செய்தாள்.

"அண்ணி, அவரு நடந்தா கால் தரையில படலன்னு கோயில்ல பேசிக்கறாங்க. வீட்டு வாசல்ல வந்து கும்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. படுற மாதிரியும் இருக்கு, படாத மாதிரியும் இருக்கு."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் கோயில் கல்தரையில் எல்லோரும் பார்க்க நடக்கப் போகிறானாம். அக்காவும் வந்து பார்த்து ஆமாம் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் மண்டியும் வேண்டாம், வீடும் வேண்டாமாம். "நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. இல்லேன்னு சொல்லிட்டுப் போயிடுங்க அண்ணி" என்று அழுதாள் செல்வி. போனை வைத்த கையோடு பையை எடுத்துத் துணி அடுக்கினேன். எனக்கு வந்தது பயமல்ல, எரிச்சல். சின்ன வயதில் மொட்டை மாடியில் பட்டம் விடக்கூடப் பயந்தவன், இப்போது தானே பறக்கிறானாம்!

ஒன்பதரைக்குப் பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையத்தில் இறக்கிவிட்டார்கள். எனக்குத் திருச்சி என்றால் மத்தியப் பேருந்து நிலையம்தான். விமான நிலையம் மாதிரி பளபளப்பாக இருந்த அந்த இடத்தில் மாடி ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். ஒருவழியாக ஸ்ரீரங்கம் டவுன் பஸ் கிடைத்தது. பெண்களுக்கு இலவசம். பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பக்கத்தில் மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர், மடியில் சாம்பிள் அரிசிப் பைகளோடு உட்கார்ந்திருந்தார். அரிசி ஆலை ஏஜெண்டாம். பேச்சுவாக்கில், மனிதன் தரையை விட்டு எழும்ப முடியுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? சித்தருங்க ரசக் குளிகைய வாயில அடக்கிக்கிட்டா நெனச்ச ஊருக்குப் பறந்து போவாங்க. எங்க சித்தப்பா மருங்காபுரிப் பக்கம் ஒரு சாமியாரப் பாத்திருக்காரு. துண்ட விரிச்சு உக்காந்தாருன்னா, துண்டு மட்டும் தரையில இருக்கும். அவரு கொஞ்சம் மேல இருப்பாரு."

"எவ்வளவு மேல?"

"நாலு விரல்கடை இருக்கும்."

"உங்க சித்தப்பா அளந்து பாத்தாரா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்பிக்கை இல்லாதவங்க கண்ணுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவிரிப் பாலம் வரை அந்த வாக்கியம் என்னைக் குடைந்தது. நம்பினால்தான் தெரியும் என்றால் நான் வந்து பார்த்து என்ன பயன்? நான் இல்லை என்று சொன்னால் அது என் கண்ணின் குற்றமாகிவிடுமே!

பதினோரு மணிக்குத் தம்பி வீட்டை அடைந்தேன். கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் திட்டுவதற்காகப் பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பாதியாக இளைத்திருந்தான். சட்டை ஆணியில் மாட்டியது போலத் தோளில் தொங்கியது. முகத்தில் மட்டும் நான் இதுவரை பார்க்காத ஒரு தெளிவு.

"என்னடா இப்படி ஆயிட்ட?"

"லேசாயிட்டேன்க்கா. உடம்பே தெரியல. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. மொதல்ல நானே நம்பல. சித்திரை வெயில்ல தாயார் சந்நிதிக்குப் போயிட்டு வரேன், எல்லாரும் கல்லுல குதிச்சுக் குதிச்சு ஓடறாங்க. எனக்கு ஒண்ணுமே சுடல. கால் கீழ இருந்தாத்தானே சுடும்?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் என்னை மேலும் குழப்பியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்வி, என் காதருகே வந்து முணுமுணுத்தாள். "பேய்க்குத்தான் கால் தரையில படாதும்பாங்க அண்ணி. எனக்கு ராத்திரி பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு."

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து கோயில் கைங்கரியம் செய்கிற ஒரு ஐயங்கார் வந்தார். அவராவது தெளிவாக ஒன்று சொல்வார் என்று நினைத்தேன்.

"தேவதைகளுக்குத்தாம்மா பாதம் பூமியில படாதும்பா. லகிமான்னு ஒரு ஸித்தி உண்டு, தேகம் பஞ்சாட்டம் லேசாயிடும். ஆனா மனுஷ்யாளுக்கு அந்த ஆசை எதுக்கு? எம்பெருமானே பூமியில கால் வெச்சு நடக்கணும்னு ஆசைப்பட்டுன்னா அவதாரம் பண்ணினான்!"

"அப்ப இவனுக்குக் கால் படுதுன்னு சொல்றீங்களா சாமி?"

"அப்படியும் சொல்ல மாட்டேன். அடியேனும் பார்த்தேன். நெருப்பா காயற கல்லுல நிதானமா போறார். எப்படின்னு பெருமாளுக்குத்தான் வெளிச்சம்."

பேய்க்கும் கால் பாவாது, தேவருக்கும் பாவாது. நடுவில் என் தம்பி எதில் சேர்த்தி? கூடத்து மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு இதையே யோசித்தேன். அவன் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும்போதெல்லாம் கண் அவன் பாதத்துக்குப் போனது. வேட்டி தழையத் தழையக் கட்டியிருந்தான். ஒன்றும் தெரியவில்லை. வேட்டியைத் தூக்கிக் காட்டு என்று ஐம்பது வயது ஆம்பிளையிடம் எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குக் கோயிலுக்குப் போனோம். வாசலில் செருப்பு விட்டு, கோபுர நிழல் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. கல்தரையின் ஓரமாகத் தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தார்கள். கூட்டம் முழுக்க அதன்மேல் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தது. விரிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் பெரியவர் சிறியவர் என்று பாராமல் எல்லோரும் ஒரு துள்ளல் துள்ளினார்கள். நானும் துள்ளினேன். பட்டுச் சேலையும் பாதி நரையுமாக நான் துள்ளியதை யாராவது படம் எடுத்திருந்தால் பேத்திகள் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார்கள்.

நிழலில் இருபது முப்பது பேர் சுந்தரத்துக்காகக் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவள் மல்லிகா. உறையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "உங்க தம்பியா? புண்ணியம் பண்ணியிருக்கீங்க" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சுந்தரம் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, விரிப்பை விட்டு விலகி, வெறும் கல்லில் இறங்கினான். அவசரமே இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிறவன் போல நிதானமாக நடந்தான். நான் விரிப்பின் ஓரத்தில் நின்று அவனுக்குப் பின்னால் தரையைப் பார்த்தேன். ஈரக்கால் ஆயிற்றே, தடம் விழ வேண்டும். விழவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அவன் கடந்துபோன கல்லெல்லாம் துடைத்துவிட்டது மாதிரிக் காய்ந்து கிடந்தது.

அந்தக் கணத்தில் நான் நம்பினேன். இல்லை என்று சொல்ல மதுரையிலிருந்து வந்தவள், வாயைத் திறந்துகொண்டு கையைக் கூப்பிவிட்டேன். செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கூப்பிய கையைப் பார்த்ததும் முகம் வெளுத்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

மல்லிகா வலியோடு வலியாக விரிப்பை விட்டு இறங்கினாள். சூட்டில் "அம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, சுந்தரம் கடந்துபோன கல்லில் விரலால் எதையோ தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன். ஈரத் தடம் சூட்டில் உடனே காய்ந்துவிட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு மட்டும் காயாமல் பளபளத்தது. தண்ணீர் காய்ந்த கல்லில் இது ஏன் காயவில்லை? நானும் குனிந்து தொட்டேன். பிசுபிசுத்தது. விரலை வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சளாக, நடுவில் சிவப்பாக இருந்தது.

"சுந்தரம், நில்லுடா!"

கோயில் என்றும் பாராமல் கத்தினேன். கல் என் காலைச் சுட்டது தெரியாமல் ஓடிப்போய் அவனைத் தோளோடு பிடித்து நிழலுக்கு இழுத்து உட்கார வைத்தேன். காலைத் தூக்கித் திருப்பினேன். முன்பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து தொங்கியது. குதிகாலில் பழைய புண் ஒன்று, ஓரம் கறுத்துப்போய்.

சுந்தரம் தன் பாதத்தை வேறு யாருடைய பாதத்தையோ பார்ப்பது போல எட்டிப் பார்த்தான்.

"இது எப்பக்கா ஆச்சு?" என்று கேட்டான்.

செல்வி அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "சுகர் மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு அண்ணி. உடம்பு லேசாயிடுச்சு, இனிமே வேணாம்னுட்டாரு" என்றாள். எனக்கு அவனை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. சுந்தரத்தைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் அவன் பாதத்தில் அங்கங்கே குத்தினார்.

"தொடும்போது சொல்லுங்க சார்."

"சரிங்க. ஆரம்பிங்க" என்றான் சுந்தரம். அவர் ஆரம்பித்து முடித்தே விட்டிருந்தார்.

சர்க்கரை ஏறி ஏறிப் பாதத்து நரம்பு மரத்துவிட்டதாம். இளைத்ததும் அதனால்தானாம். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இனி வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"கோயிலுக்கு?"

டாக்டரம்மாவும் ஸ்ரீரங்கம்தான் போலிருக்கிறது. பேனாவை மூடிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "வீல் சேர்ல போங்க சார். காலைக் கீழ வைக்காதீங்க."

வீட்டுக்கு வந்த பிறகு சுந்தரம் நெடுநேரம் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "அக்கா, மனசு லேசா இருந்துச்சே. மண்டில மொதலாளி கத்தினாக்கூடக் கோவமே வரலையே. அதுவும் சுகர்தானா?"

"தெரியலடா" என்றேன். இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் கிளம்புவதற்கு முன், பெருமாளைச் சேவித்துவிட்டுப் போ என்றான். தானும் வருவதாகச் சொன்னான். கோயிலில் வீல் சேர் கிடைத்தது. நான் தள்ளினேன், செல்வி பையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். நேற்றைய கூட்டம் எதுவும் இல்லை. மல்லிகா மட்டும் அதே நிழலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்றும் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"சாமி ஏன் உக்காந்துட்டாரு?" என்று என்னைக் கேட்டாள்.

சுந்தரமே பதில் சொன்னான். "நான் சாமி இல்லம்மா. எனக்குச் சுகரு. காலு ரெண்டும் மரத்துப்போச்சு. கல்லு சுட்டுத்தான் இருக்கு, எனக்குத்தான் தெரியல. மன்னிச்சுக்கங்க."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வலியே இல்லையா?"

"இல்லம்மா."

"கொப்புளம் உடைஞ்சப்பகூடவா?"

"தெரியவே இல்ல."

"அது போதுமே" என்றாள் மல்லிகா. "வலி இல்லாம நடக்கணும்னுதானே நானெல்லாம் வாரா வாரம் வந்து பெருமாள்கிட்ட நிக்கிறேன்?"

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுந்தரம் மல்லிகாவின் கையைப் பிடித்தான்.

"உள்ள போனா எனக்காக ஒண்ணு வேண்டிக்கிறீங்களா? எனக்கு வலிக்கணும்னு கேளுங்க."

மல்லிகா திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சந்நிதியை நோக்கி மெல்ல நடந்தாள். இரண்டடி போனவள் திரும்பி நின்று, "ரொம்பவா, கொஞ்சமா?" என்று கேட்டாள்.